ஒற்றைக் கொம்பு

நளினி டீச்சர் பொல்லாதவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வருவதைக் கேட்டால் யாருக்கும் அவள்மேல் கோபம்தான் வரும். பதினெட்டு வருஷமாகத் திருப்பதியில் காலைப் பாசஞ்சரைப் பிடித்து, ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, நகரியைத் தாண்டி ஒரு தமிழ்வழி உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சோஷியல் சொல்லிக்கொடுக்கிறாள். வண்டி தாமதமானாலும் அவள் தாமதமானதில்லை. பிள்ளைகளை அடித்ததில்லை. மாற்றல் கிடைத்தபோதுகூட, தமிழில் சோஷியல் சொல்ல வேறு ஆள் வரமாட்டார்கள் என்று வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள்.

அந்தப் பாடத்தில் மார்க்கை நாலைந்து பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கருத்தைப் புரிந்துகொண்டதற்கு இவ்வளவு, வரைபடத்துக்கு இவ்வளவு என்று போய், நடுவில் ‘தகவல் திறன்’ என்று ஒரு பங்கு. தெருவில் நாலு வீடு ஏறி இறங்கி விசாரிக்க வேண்டும், விசாரித்ததை அட்டவணையாகப் போட வேண்டும், அட்டவணையிலிருந்து என்ன தெரிகிறது என்று கீழே எழுத வேண்டும். மற்ற டீச்சர்களுக்கு அது தலைவலி. நளினிக்கு அதுதான் உயிர். “தலைப்பைப் படி, அப்பறம் ஒவ்வொரு கட்டமா படி, கடைசியில கீழ எழுதினது மேல இருக்கறதோட ஒத்துப்போவுதா பாரு” என்பதை அவள் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். சித்தூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசி ஒரு சால்வையும் வாங்கி வந்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது யாருக்குமே தன் விஷயத்தில் கடைசியில்தான் தெரிய வருகிறது.

நவம்பர் மூன்றாம் வாரம் தலைமையாசிரியர் வேதாச்சலம் அவளைக் கூப்பிட்டார்.

“நளினி மேடம், டென்த்துல தரணின்னு ஒரு பொண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆப்செண்ட். பப்ளிக் பரீட்சைக்கு நாமினல் ரோல் போவணும். சனிக்கெழமை கடைசி. பேர வெக்கறதா, எடுக்கறதா? பாரத்துல பொண்ணு கையெழுத்து வேணும். கொஞ்சம் கனுக்கோண்டி, விசாரிச்சிச் சொல்லுங்க.”

விசாரிக்கப் போன் நம்பர் வேண்டும். ரிஜிஸ்டரில் இருந்த நம்பர் அணைந்து கிடந்தது. பிள்ளைகள் பிராஜக்ட் நோட்டின் முதல் பக்கத்தில் வீட்டு விவரம் எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்து, நளினி ஸ்டாஃப் ரூம் பீரோவைத் திறந்தாள். மார்க் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டில் காட்டியபின் திரும்ப வாங்கி அடுக்கிய முப்பத்தெட்டு நோட்டு. தரணியின் நோட்டுக்கு மட்டும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. முதல் பக்கத்தில் அம்மா பெயர் செங்கம்மா, தெரு, நம்பர். எழுதிக்கொண்டாள். மூடப் போனவள், எழுத்து அழகாக இருந்ததால் பக்கத்தைப் புரட்டினாள்.

‘எங்கள் தெருவில் பத்து வீடுகள்: பதினான்கு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்கள்.’ பெயர், வயது, இப்போது படிப்பது, அடுத்து என்ன என்று நாலு கட்டம். ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, ஒன்றுகூடப் பிசகவில்லை. சுதீர், பதினாறு, பத்தாவது, அடுத்து ஐ.டி.ஐ. அகிலா, பதினேழு, இண்டர், அடுத்து நர்சிங். ஒன்பதாவது படிக்கும் நாலு பேருக்கு அடுத்தது ‘பள்ளி’ என்றே இருந்தது. இப்படிப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது வரி அவளுடையது. தரணி, பதினைந்து, பத்தாவது. அடுத்து என்ன என்ற கட்டத்தில் சிவப்பு மை.

அந்தக் கட்டத்தில் தரணி எழுதியிருந்தது ‘பெள்ளி.’ நளினி அந்த ஒற்றைக் கொம்பைச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் ‘பள்ளி’ என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

தெலுங்கில் பெள்ளி என்றால் கல்யாணம். நகரிப் பக்கத்தில் அது தெரியாத குழந்தை இல்லை. நளினிக்குத் தெரியாதா என்ன? அவள் வீட்டுக்காரரோடு சண்டை போடுவதே தெலுங்கில்தான். ஆனால் திருத்திய அன்று ரேணிகுண்டாவில் கிராசிங்குக்காக வண்டி நின்றிருந்தது, மடியில் முப்பத்தெட்டு நோட்டு இருந்தது, சாயங்காலத்துக்குள் மார்க்கை ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். தமிழ் நோட்டு என்பதால் கண் தமிழிலேயே ஓடியது. மேலே நாலு இடத்தில் பள்ளி, பள்ளி என்று பார்த்து வந்த கண்ணுக்கு இதுவும் பள்ளிதான், ஒரு கொம்பு அதிகம், அவ்வளவே. சிவப்புப் பேனா பிடித்தவர்களுக்குப் பிழை தெரிகிற அளவுக்கு எழுதிய ஆள் தெரிவதில்லை.

அதிலும் தரணிக்கு எழுத்துப் பிழை வராது. தமிழய்யா அவள் கட்டுரை நோட்டைத்தான் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப் போய்க் காட்டுவார். இது நளினிக்கும் தெரியும்.

அட்டவணைக்குக் கீழே தரணி எழுதியிருந்தாள்: ‘எங்கள் தெருவில் ஆண்பிள்ளைகள் ஏழு பேரும் மேலே படிக்கப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் ஐந்து பேரில் நான்கு பேர் படிக்கப் போகிறார்கள்.’ ஐந்தில் நான்கு. கொம்பை அடித்தபிறகு அட்டவணைப்படி ஐந்து பேரும் படிக்கப் போகிறார்கள். கீழே எழுதியது மேலே இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. அந்த வரிக்கும் நளினி ஒரு டிக் போட்டிருந்தாள். முழு மார்க். கையெழுத்து. செப்டம்பர் பதினெட்டு.

அவள் நோட்டை மூடி மறுபடி திறந்தாள். மை மாறுமா என்று பார்த்தாளோ என்னவோ. பக்கத்து நாற்காலியில் கணக்கு டீச்சர் ஏதோ கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நெசவுத் தெருவில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர்கள் வெளியிலும் கத்தித்தான் பேசுவார்கள். செங்கம்மா அன்று மெதுவாகப் பேசினாள்.

“நாயுடுபேட்டையில கீறா டீச்சரம்மா. ஆறாந்தேதி முடிஞ்சிது. கோயில்லதான் வெச்சிக்கினோம். கூட்டம் சேக்கல.”

“பதினஞ்சு வயசும்மா.”

“தெரியும். நான்தானே பெத்தேன்.” முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “தூரத்து சொந்தம்தான். அங்க போயி இருவது வருசமாச்சி, ஊட்ல தெலுங்கே ஆயிப்போச்சி அவுங்களுக்கு. பையன் சுரேஷ்பாபு, கம்பெனில பெர்மனென்ட். எனக்கு மூணு பொண்ணு. இத உட்டா இன்னொண்ணு வருமான்னு அவுரு சொன்னாரு. இப்பதான் எங்க ஊட்டுக்கு வழி தெரிஞ்சிதா உங்களுக்கு?”

நளினி அதைப் பொதுவான குத்தல் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளே தறி மேல் குனிந்திருந்த தரணியின் அப்பா செங்கல்வராயன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். மிஷினை நிறுத்தவில்லை.

“பரீட்சையாவது எழுத விடுவாங்களாம்மா?”

“அத அங்கதான் கேக்கணும். இப்ப அது அவுங்க ஊட்டுப் பொண்ணு.”

வெள்ளிக்கிழமை நளினி லீவு போட்டாள். வேதாச்சலம், “ஜாக்கிரதை மேடம், பேசறதப் பாத்துப் பேசுங்க. கேஸுன்னு போனா அந்த நெசவுக்காரன்தான் உள்ள போவான். ஸ்கூல் பேரும் பேப்பர்ல வரும்” என்று சொல்லித்தான் பாரத்தைக் கொடுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். காளஹஸ்தி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பெயர் பரீட்சை லிஸ்டில் இருக்க வேண்டும், அது ஒன்று நடந்தால் போதும் என்று நாயுடுபேட்டை வரைக்கும் வேண்டிக்கொண்டே வந்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். வாலாவது கையில் அகப்படாதா என்றிருந்தது.

ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி, வரிசையாகக் கட்டிய சிமெண்டு வீடுகளில் ஒன்று. “எவரு மீரு?” என்று கேட்டு வந்தாள் மாமியார் கங்கம்மாள். பள்ளிக்கூடத்து டீச்சர் என்றதும் முகம் சுருங்கினாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். அவளும் பொல்லாதவள் இல்லை. பரீட்சை என்று ஆரம்பித்ததும், பையன் ஷிஃப்ட் முடிந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறோம் என்று தெலுங்கில் மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று நளினிக்குத் தெரியும். அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுக்க, இரண்டு குடத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தரணி கதவோரம் நின்றிருந்தாள். புடவை கட்டத் தெரியாமல் கட்டியிருந்தாள், கொசுவம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. கழுத்தில் மஞ்சள் கயிறு. மாமியார் தலை மறைந்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க நளினிக்குத் தாங்கவில்லை.

“நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர்.” தமிழ் பேசக் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு வார்த்தை ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. “சபீனா எப்டி கீறா? என் எடத்துல யாரு குந்துறாங்க? போர்ஷன் முடிஞ்சிதா?”

“நல்லா இருக்கா. உன் இடம் காலியாத்தான் இருக்கு.” நளினி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். “தரணி, அந்தப் பிராஜக்ட் நோட்டுல நீ எழுதியிருந்தியே...”

“அதான் டீச்சர்.” பெண் சட்டென்று தரையில் உட்கார்ந்தாள், வகுப்பில் உட்காருகிற மாதிரி. “அவுங்க வந்து பாத்துட்டுப் போனதுல இருந்து ஊட்ல எந்நேரமும் பெள்ளி பெள்ளின்னுதான். எனக்கு அது நம்ம கண்ணாலம் மாரியே இல்ல. வேற யாருக்கோ நடக்கற மாரி இருந்திச்சி. அதான் அப்டியே எழுதினேன். கண்ணாலம்னு எழுதினா சபீனா பாத்துட்டு கிளாஸ் பூரா சொல்லிருவா. நீங்க மட்டும் படிச்சா போதும்னு நெனச்சேன்.”

நளினி டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

“நோட்டு திரும்பி வந்த அன்னிக்கி எனக்கு அழுகையே வந்திச்சி டீச்சர். பெள்ளிய அடிச்சிட்டு பள்ளின்னு எழுதியிருந்தீங்க. டீச்சருக்குப் புரிஞ்சிடுச்சி, கண்ணாலம் வேணாம், ஸ்கூலுக்கு வான்னு எழுதிட்டாங்கன்னு ஓடிப்போயி அம்மாகிட்ட காட்டினேன். அவுங்களே வந்து பேசுவாங்கன்னு சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“வரட்டும், வந்தா பாக்கலாம்னுச்சி. நைனாகூட ரெண்டு மூணு நாளு ஒண்ணும் பேசல. டீச்சர் வந்து கேட்டா என்னாடி பதில் சொல்றதுன்னு அம்மாகிட்ட கேட்டுக்கினு இருந்தாரு. மாப்ள ஊட்டுக்காரங்ககிட்ட போன்ல, பொண்ணு பரீட்சை முடியட்டும்னு இழுத்துக்கூட பாத்தாரு டீச்சர். அப்பறம் நாளு போயிக்கினே கீது, யாரும் வரல. தசரா லீவுல அவுங்க வந்து தாம்பூலம் மாத்திக்கினு போயிட்டாங்க.”

வெளியே குழாயடியில் குடங்கள் இடித்துக்கொண்டன. நளினி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த மனிதன். தினமும் அவள் ஷேர் ஆட்டோ அந்தத் தெரு முனை வழியாகத்தான் போகிறது. இறங்கி உள்ளே போனால் ஐந்து நிமிஷம்.

“கிளாஸ்ல உங்களையே பாத்துக்கினு இருப்பேன். ஒரு நாளு, என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு, போர்டைப் பாருன்னு சொன்னீங்க. சரி, எல்லாரும் கீறப்ப சொல்லமுடியாது, தனியா வருவாங்கன்னு நெனச்சிக்கினேன்.” தரணி புடவை நுனியைத் திருகினாள். குறை சொல்கிற குரல் இல்லை. விடை தெரியாத கேள்வியைக் கேட்கிற குரல்தான். “ஏன் டீச்சர் வரல?”

உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மா, நான் அதைப் படிக்கவே இல்லை, எழுத்துப் பிழை என்று நினைத்தேன், அந்த ஒரு கொம்பைத் தவிர உன் நோட்டில் நான் எதையுமே பார்க்கவில்லை. இவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். எதிரே அந்தப் பெண்ணின் கண் இரண்டும் அவளை நம்பிக்கொண்டிருந்தன. இந்த வீட்டில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான், தன் டீச்சருக்குத் தன் எழுத்து புரிந்தது என்பது. அதையும் பிடுங்குவதா என்று நளினி தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் நளினிக்குப் பயம்.

“அப்ப வீட்ல ஒரு கஷ்டம்மா” என்றாள்.

“நெனச்சேன் டீச்சர். உங்க மொகம்கூட ஒரு மாரி வாடித்தான் இருந்திச்சி. நீங்க வராம இருக்கமாட்டீங்க, ஏதோ ஆயிருக்கும்னு அம்மாகிட்டகூட சொன்னேன்.” தரணி அவள் முழங்கையை லேசாகத் தொட்டாள். “இப்ப எல்லாம் சரியாப் போச்சா?”

நளினி ஆமாம் என்று தலையாட்டினாள். அதன் பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் பையைத் திறந்து பாரத்தை எடுத்தாள். தரணி அதை வாங்கி, தன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். குடத்தோடு மாமியார் வந்துகொண்டிருந்தாள். பேனாவை எடுத்துவிட்டாள்.

“அவரு வந்தப்பறம் கேட்டுக்கினு போடறேன் டீச்சர். பாரம் இங்கயே இருக்கட்டும். பேர மட்டும் எடுத்துறாதீங்க.”

“நாளைக்குத்தாம்மா கடைசி.”

“தெரியும் டீச்சர். பாரத்துல போட்டிருக்கு.”

கங்கம்மாள் உள்ளே வந்து, சாப்பிட்டுப் போகலாமே என்றாள். நளினி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். பாரத்தைச் சாமி படத்தடியில் வைத்ததைக் கடைசியாகப் பார்த்தாள். தரணி தெரு முனை வரைகூட வரவில்லை. வரக் கூடாது போலிருக்கிறது.

நாயுடுபேட்டை பஸ் ஸ்டாண்டில் திருப்பதி வண்டி இரண்டு வந்து இரண்டும் போய்விட்டன. நளினி ஏறவில்லை. ஒரு தூணில் சாய்ந்து போனைக் கையில் வைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் கூப்பிடச் சொல்லிப் பள்ளிச் சுவரிலேயே நீலப் பெயிண்டில் ஒரு நம்பர் எழுதியிருக்கிறது. பத்து, தொண்ணூற்றெட்டு. எத்தனையோ தரம் பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்க வைத்திருக்கிறாள். கூப்பிட்டால் செங்கல்வராயனைத் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போவார்கள். கூப்பிடாவிட்டால் நாளையோடு பெயர் போகும், பாரம் சாமி படத்தடியிலேயே கிடக்கும். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. இதற்குமேல் சும்மா இருந்தால் தன்னால் அந்த வகுப்புக்குள் நுழைய முடியாது என்பது மட்டும் தெரிந்தது. அழுத்தினாள்.

எடுத்தது ஒரு சின்ன வயதுப் பெண். தெலுங்கில் நிதானமாகப் பேசினாள். குழந்தையின் பெயர் என்ன, வயது என்ன, இப்போது எங்கே இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மறுபக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. தகவல் கொடுக்கிறவர் பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றாள். நளினி பெயரையும் வேலையையும் சொன்னாள்.

“சரி மேடம். இந்த விஷயம் உங்களுக்கு எப்போ தெரிய வந்தது?”

இன்றைக்கு என்று சொல்லிவிடலாம். இந்த வாரம் என்றாலும் பொய்யில்லை. யாரும் நோட்டைக் கேட்கப் போவதில்லை.

“செப்டம்பர் பதினெட்டாம் தேதி.”

கீபோர்டு சத்தம் நின்றது. “கல்யாணம் நவம்பர் ஆறுன்னு சொன்னீங்க. அப்போ முன்னாடியே தெரியும். உடனே ஏன் மேடம் சொல்லலை?”

“அவளே எழுதிக் கொடுத்தாம்மா. நான் படிக்கல.”

ஹைவேயில் திரும்பிய லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பெண், சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றாள். நளினி இன்னும் உரக்கச் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.